ஜாடிக்குள் விழுந்த மூடி

மகனே,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ பிறக்கவும் இல்லை. எனக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது, பதினொன்றாம் வகுப்பு. எங்கள் தமிழம்மா, 'உங்களைப் பெற்றோராகக் கருதிக்கொண்டு, வேலைக்குச் செல்லும் மகனுக்கு ஒரு கடிதம் வரைக' என்று கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நோட்டை வைக்க வேண்டும். அதை எழுதி முடித்தாயிற்று. நேர்மையாக இரு, நேரத்தை வீணாக்காதே, மரம் நடு என்று ஒன்றரைப் பக்கம். திரும்பப் படித்தபோது 'நேர்மையாக இரு' என்ற இடத்தில் எனக்கே கோபம் வந்தது. யார் யாருக்குச் சொல்வது? அதனால் உனக்கு உண்மையான கடிதத்தை அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்; திங்கட்கிழமைக்குள் கிழித்து எடுத்துவிடுவேன். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். அடுப்படியில் அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் காட்டுவதற்கு இயற்பியல் புத்தகம் மடியில் திறந்தே இருக்கிறது.

மகளுக்கு எழுதாமல் உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மகளென்றால் பாவம் என்று நினைத்து விட்டுவிடுவேன். உன்னைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்கும். 'இதுக்கா இப்படிப் பயந்தே? நேரா போய் சொல்லிட்டு வேலையைப் பார்த்திருக்கலாமே' என்று சொல்வாய். அப்படிச் சொல்வாய் என்று நினைத்தாலே இப்போதே எரிச்சலாக வருகிறது. முழுவதையும் படி, பிறகு பேசு.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊறுகாய் ஜாடி, மூடி, சின்னக் கிண்ணம் செய்கிற கம்பெனி. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். ஆகவே ஜாடி எந்த அளவில் வேண்டுமோ அதைவிடப் பெரிதாக அச்சு செய்தாக வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதுதான் கணக்கு. மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றினால் அதிகம் சுருங்கும். கெட்டியாகப் பிசைந்து, சுழலும் அச்சில் அழுத்தினால் குறைவாகச் சுருங்கும். அப்பா இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். எது எந்த ஜாடியின் அளவு என்று அவருக்கு மட்டும்தான் புரியும்; சில நாள் அவருக்கும் புரியாது. போன வருடம் பெரியப்பா மகன் சென்னைக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் இயற்கணிதம் செய்கிற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். எண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைத்தே கணக்குப் போடும். 'இந்த எழுத்து வரும் இடத்தில் எல்லாம் அந்த எழுத்தைப் போடு' என்று விதி கொடுத்தால் பக்கம் பக்கமாக மாற்றித் தரும். அப்பாவின் டைரியை நான் அதில் ஏற்றினேன். ஊற்றும் மண்ணின் சுருக்கத்துக்கு ஊ, அழுத்தும் மண்ணின் சுருக்கத்துக்கு அ. மென்பொருளில் ஆங்கில எழுத்துதான் வைத்தேன். உனக்காக இப்படி எழுதுகிறேன்.

அந்த மென்பொருளோடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. அகலம் கூட்டல் உயரம் என்று வரும் இடத்திலெல்லாம் ஒரே எழுத்தைப் போடு என்றேன். அடைப்புக்குறிக்குள் அந்த இரண்டு மட்டும் இருந்த இடத்தில் போட்டது. அகலம், உயரம், கனம் மூன்றையும் கூட்டியிருந்த இடத்தில் தொடவே இல்லை. அகலமும் உயரமும் அங்கேதானே இருக்கின்றன? அதற்கு அது கவலைப்படாது. நான் சொன்ன உருவம் அப்படியே தனியாக இருந்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். நான் திரையைப் பார்த்துக் கத்தியதைக் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து, "மெஷினோட எதுக்குடி சண்டை போடறே? அது என்ன உன் நாத்தனாரா?" என்றாள். நாத்தனாராவது வேண்டுமென்றே செய்வாள். இதற்கு வேண்டுதல் வேண்டாமை எதுவும் இல்லை. சொன்னதைச் செய்யும். நாம் நினைத்தது என்ன என்று ஒரு நாளும் கேட்காது.

போன மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் வளைகுடா நாட்டுக்கு அனுப்ப ஜாடி கேட்டு வந்தார். வாய் அகன்ற ஜாடி, குமிழ் வைத்த மூடி. அதுவரை ஜாடியை ஊற்றுவார்கள், மூடியை அழுத்துவார்கள். இந்த மாதிரிக்குத் தலைகீழாகச் செய்தால்தான் வசதி. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஜாடிய அழுத்தறோம், மூடிய ஊத்தறோம். அளவெல்லாம் மாத்த உன் கம்ப்யூட்டருக்கு எவ்ளோ நேரம் ஆகும்மா?"

"ரெண்டு வரிப்பா" என்றேன்.

அந்த 'ரெண்டு வரிப்பா'வை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எவ்வளவு திமிர்! இரண்டே வரிதான் எழுதினேன். ஊ வரும் இடத்தில் அ. அ வரும் இடத்தில் ஊ. மனிதர்களிடம் சொன்னால் இடம் மாற்றச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்வார்கள். வகுப்பில் 'நீ அவள் இடத்துக்குப் போ, அவள் உன் இடத்துக்கு வரட்டும்' என்றால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் போய் உட்காருவார்களா? இது உட்கார வைத்தது. முதல் விதியை எடுத்து எல்லா ஊவையும் அ ஆக்கியது. இப்போது பக்கம் முழுவதும் அ மட்டும். பிறகு இரண்டாவது விதியை எடுத்தது. எது பழைய அ, எது இப்போதுதான் மாறி வந்த அ என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஊ ஆக்கியது. மூடிக்கு ஊ வர வேண்டும், வந்தது. ஜாடிக்கு அ வர வேண்டும், அதற்கும் ஊதான். அழுத்திச் செய்யப்போகிற ஜாடிக்கு, ஊற்றிச் செய்யும் ஜாடியின் அளவு. அதற்குப் பிறகு ஊவுக்கும் அவுக்கும் எண்களைக் கொடுத்தேன். அந்தத் தாளில் அ என்கிற எழுத்தே இல்லை. 'இங்கே அப்படி யாரும் இல்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லவில்லை. பேசாமல் அளவுகளைக் கொடுத்துவிட்டது. அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்லும், ஒரே சமயத்தில் மாற்ற வேறு கட்டளை இருக்கிறது என்று உதவிப் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. ஊ கூட்டல் அ என்று சின்னதாக ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. தாளின் தலைப்புக்கு இரட்டைக் கோட்டில் கட்டம் போட மட்டும் எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. மகனே, நீ எந்த வேலைக்குப் போனாலும் சரி, கட்டம் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா சூளையிலிருந்து வந்த முதல் ஜாடியைத் தினத்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அழகா இருக்குதுங்க" என்று மூடியை எடுத்து மேலே வைத்தாள். மூடி வாயில் நிற்காமல் நேராக உள்ளே போய் டொங்கென்று அடியில் உட்கார்ந்தது. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊறுகாய மூடறதுக்கு மூடி கேட்டா, மூடியையே ஊறுகா போட்டுக் கொண்டாந்திருக்கீங்களே!"

அப்பா சிரிக்கவில்லை. கம்பெனியில் அப்போதுதான் சூளையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூடி போட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. போனை எடுத்து ஜெயமேரி அக்காவைக் கூப்பிட்டார். ஜெயமேரி அக்காதான் அங்கே பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. முழங்கை வரை வெள்ளை மாவோடுதான் எப்போதும் பார்த்திருக்கிறேன். அளக்கும் காலிப்பரைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"தாள்ல இருந்த அளவுதான் சார் போட்டேன். ஒரு நூல் கூட கூடல, கொறையல."

"தாள் கம்ப்யூட்டர் போட்டதும்மா. அது தப்பு பண்ணாது. மனுசங்கதான் பண்ணுவாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சரியாத்தானே போட்டே?" என்றார். நான் எதையும் பார்க்காமலே, "சரியாத்தான்ப்பா" என்றேன். அது முதல் பொய். அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். தாள் முழுக்க ஊ ஊ ஊ. ஒரே ஒரு அ கூட இல்லை. புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமை சொல்லவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் முதலாளி சொல்லிவிட்டாராம்: ஜெயமேரி அக்கா நாளையோடு நின்றுகொள்ள வேண்டும். நாளைக் காலையில் அந்த அச்சுகளையெல்லாம் உடைத்துவிட்டு வேறு ஆளை வைத்துப் புதிதாகச் செய்யப்போகிறார்கள். எதைப் பார்த்துச் செய்வார்கள் தெரியுமா? என் தாளைப் பார்த்துத்தான்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் அப்பா அடிக்க மாட்டார். பேச மாட்டார். பத்தாம் வகுப்பு அரையாண்டில் அறிவியலில் மதிப்பெண் குறைந்ததற்குப் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் கேட்டார்; நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அடித்தால் வலித்துவிட்டுப் போய்விடும். லேப்டாப் பரணுக்குப் போகும். 'இந்தக் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் போதும்' என்று ஆகிவிடும். அது மட்டும் இல்லை. இந்தக் கணக்கைத் தானே போட்டதாக அப்பா முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். போனில் சொன்னதை நான் கேட்டேன். நான் வாயைத் திறந்தால் அவரும் மாட்டுவார். எல்லாரும் எனக்காகவே இப்படிச் சிக்கலாக்கி வைத்திருப்பது போல இருக்கிறது. நான் மட்டும் ஒழுங்கா? மூன்று நாளாக நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, யாரும் கேட்காத கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

விடிந்ததும் சொல்லப்போகிறேன். எழுதிவிட்டேன், பார். இனிமேல் சொல்லாமல் இருந்தால் நீ படித்துவிடுவாய்.

மகனே, இது சனிக்கிழமை இரவு. சொல்லிவிட்டேன். அதற்குள் பெருமைப்படாதே, மீதியையும் கேள்.

காலை ஆறு மணிக்கு அப்பா மோட்டார் போட்டுவிட்டு மாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா, தாள் தப்பு" என்றேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம். "தாள் தப்புப்பா! ஜெயமேரி அக்கா மேல தப்பு இல்ல. நான்தான்" என்று கத்தினேன். அவர் போய் மோட்டாரை நிறுத்தினார்.

"எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழமையே."

அவர் விரலை மடக்கி எண்ணியதைப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. பிறகு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு பேரு எதுக்குங்க வெளிய வரணும்?" என்றாள். அப்பா யோசித்தார். "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சின்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

வைரஸ்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான்கு நாளாகத் தப்பே செய்யாது என்று சொன்ன கம்ப்யூட்டருக்கு ஒரே நிமிடத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. அது பாவம், நான் கொடுத்த இரண்டு விதிகளையும் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது. பெரியவர்கள் இப்படித்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு பெயரை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தாக வேண்டும். ஜெயமேரி இல்லையா, சரி, வைரஸ். அந்த இடத்தில் என்னை வைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. "நானும் வரேன்" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்பாவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் இறங்கு என்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

ஜெயமேரி அக்கா அச்சு அறையில் தன் சாமான்களை ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "என்ன தப்புன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்பா" என்றார். எனக்கு ஊவும் அவும் வாயில் வரவில்லை. சுவரோரம் மண்கூழ் டிரம்கள் நின்றன. அவற்றைக் காட்டினேன்.

"ரெண்டு டிரம்முல ரெண்டு கூழு இருக்குதுக்கா. இதுல இருக்கிறத அதுக்கும், அதுல இருக்கிறத இதுக்கும் மாத்தணும். நான் இத அப்படியே தூக்கி அதுல ஊத்திட்டேன். அப்புறம் அதத் தூக்கி இதுல ஊத்திட்டேன்."

"காலி டிரம் இல்லாமயா?"

"ஆமாக்கா."

"அடிப்பாவி! நேத்து வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கே தெரியுமே, மூணாவது ஒண்ணு காலியா வேணும்னு." சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "செவ்வாக்கெழமையிலிருந்து நான் என்ன பண்ணேன் தெரியுமா? அச்சு அத்தனையும் திரும்ப அளந்தேன். சரியா இருந்தது. காலிப்பர் போயிடுச்சோன்னு கடையில குடுத்துப் பார்த்தேன். அதுவும் சரி. வூட்ல என் பசங்க ஸ்கூலு பாக்ஸுல இருந்து ஸ்கேல் எடுத்து, ரெண்டு ஸ்கேலையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பார்த்தேன். எங்கயாவது ஒண்ணு பொய் சொல்லுதான்னு. என் வீட்டுக்காரரு, பைத்தியம் புடிச்சிருச்சான்னு கேட்டாரு."

அந்த இரண்டு ஸ்கேலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய வேலை போகும் என்று மட்டும்தான் நான் பயந்திருந்தேன். தன் கையையே நம்ப முடியாமல் ஒருத்தர் ஸ்கேலை எடுத்து வைத்து அளந்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அது சரி. எழுதிக் குடு."

"என்ன எழுதணும்?"

"இப்ப சொன்னியே, அத. தப்பு என்னுதுன்னு. கீழ உங்க அப்பா கையெழுத்து."

அப்பா குறுக்கே வந்தார். "என்ன ஜெயா இது, சின்னப் புள்ளகிட்ட போயி எழுதி வாங்கிகிட்டு..."

"சின்னப் புள்ள போட்ட கணக்க வச்சித்தானே சார் என்னை நிக்கச் சொன்னீங்க?"

நான் ஒரு பில் தாளின் பின்புறத்தில் எழுதினேன். ஆறு வரிதான். இந்த அளவுகளை நான் போட்டேன், மாற்று விதி தவறு, அச்சு சரி, தெரிந்த பிறகும் நான்கு நாள் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதுகிற வரைக்கும் விட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. அப்பா வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அந்த அறையில் வேலை செய்துகொண்டிருந்த எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி ஒன்பது மணிக்கு வந்தார். தாளைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "நீதான் போட்டேன்னு சொன்னியேப்பா?" என்றார்.

"சொன்னேன் சார். நான் போடல."

என் அப்பா அந்த மாதிரிக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. முதலாளி என்னையும் அப்பாவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஜெயமேரி அக்காவை உள்ளே கூப்பிட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஜெயமேரி அக்கா வெளியே வந்து மஞ்சள் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். எழுதின தாளை மட்டும் மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, ஒரே சமயத்தில் மாற்றும் கட்டளையைப் போட்டுப் புது அளவுகளை எடுத்துக் கொடுத்தேன். மாற்றியதை இன்னொரு தடவை மாற்றினால் பழைய தாளே திரும்பி வர வேண்டும், வந்தது. அதையும் காட்டினேன். அக்கா பார்த்தார். "ம்" என்றார். பிறகு தானே ஒரு பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் கையால் பெருக்கிச் சரி பார்க்கத் தொடங்கினார். என்னை நம்பவில்லை. நான் ஏன் வருத்தப்பட வேண்டும்? ஆனால் வருத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. இன்று முதல் நாள். லேப்டாப் மேசை மேலேதான் இருக்கிறது. யாரும் எடுக்கவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. அப்பாவுக்கு வேலையில் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று நேற்று அந்த ஒன்றரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை நம்பாதே. மதிப்பெண்ணுக்காக எழுதியது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. நீ இதைப் படிக்கும்போது நான் ஐம்பதை நெருங்கியிருப்பேன், சத்தமாகப் பேசுவேன், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். நான் செய்த ஏதோ ஒன்றுக்கு உன்னையோ, வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களையோ, ஒரு மெஷினையோ கை காட்டுகிற நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு நீ என்னோடு பேசாமல் இருந்து என்னைப் பழிவாங்காதே. அது எனக்குப் பழகிப்போன தண்டனை. அதைத் தாங்கிக்கொண்டு தப்பை அப்படியே மூடி வைத்துவிடுவேன். ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வை. 'எழுதிக் குடும்மா' என்று சொல். நான் கத்துவேன். பெற்ற தாயிடமே எழுதி வாங்குகிறாயா என்று அழுவேன்கூட. எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதே.